பலகையைச் சரியாகப் படித்த கைப்பேசி, மாலையை ஏன் தவறவிட்டது?

வணக்கம் டீச்சர். உங்கள் கேள்வியை மற்றவர்களும் புரிந்துகொள்ளட்டும் என்று முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடை வாசலில் ‘மாலை கட்டித் தரப்படும்’ என்று எழுதிய பலகை. அதைக் கைப்பேசிக் கேமராவில் காட்டி மலாய்க்கு மாற்றச் சொன்னீர்கள். ‘பெத்தாங்’ என்று வந்தது, அதாவது சாயங்காலம். உங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவி, “எழுத்தெல்லாம் சரியாகப் படித்துவிட்டு அர்த்தத்தில் ஏன் டீச்சர் கோட்டை விட்டது?” என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று கேட்கிறீர்கள்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பினாங்கின் தொழிற்சாலைப் பகுதியான பாயான் லெப்பாஸில் கேமரா வைத்துப் பொருள்களைச் சோதிக்கும் இயந்திரங்களோடு வேலை பார்த்தவன் நான். அந்த மாணவி கேட்ட கேள்விதான் இந்தத் துறையின் நடு நரம்பு. கைப்பேசி அங்கே இரண்டு வேலை செய்தது. பலகையில் இருந்த கோடுகளை எழுத்தாக்கியது ஒன்று. அந்த எழுத்துகளைப் பொருளாக்கியது இன்னொன்று. முதல் வேலையில் வடிவம் பேசும், இரண்டாவதில் சகவாசம், அதாவது அக்கம்பக்கத்துச் சொற்கள், பேசும். இரண்டிலும் இயந்திரத்தின் கையில் இருப்பவை வெறும் எண்கள். அவளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளம்புகிறது.

எழுத்திலிருந்து தொடங்குகிறேன். கணினிக்குள் ‘மாலை’ என்ற சொல் 2990, 3006, 2994, 3016 என்ற நான்கு எண்களாக இருக்கிறது. ம என்பது 2990, துணைக்கால் 3006, ல என்பது 2994, ஐகாரக் குறி 3016. யூனிகோட் என்ற உலகப் பொதுப் பட்டியலில் தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களில் இவை உட்கார்ந்திருக்கின்றன. லை எழுதும்போது நாம் முதலில் ஐகாரக் குறியைப் போட்டுவிட்டு அப்புறம் ல எழுதுகிறோம். கணினி ல-வை முதலில் வைத்துக் குறியைப் பின்னால் வைக்கிறது, ஒலிக்கும் வரிசையில். திரையில் காட்டும்போதுதான் எழுத்துரு அதைத் தூக்கி முன்னால் போடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற தமிழ் வேறு, உள்ளே கிடக்கிற தமிழ் வேறு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் ஒரு கோயில் பட்டியலில்தான் உணர்ந்தேன். அன்னதானத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கௌரி என்று ஓர் அம்மா. அவர் பெயரைத் தேடினால் இல்லை என்கிறது. பட்டியலைக் கையால் தள்ளிக்கொண்டே போனால் கண்முன்னே பெயர் இருக்கிறது. ரசீது கிடைக்காமல் அந்த அம்மா வருத்தத்தோடு நிற்கிறார். கடைசியில் பார்த்தால், தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பு போட்டு, க போட்டு, பக்கத்தில் ள என்ற எழுத்தையே தட்டியிருக்கிறார். கௌரி, கெளரி இரண்டும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கின்றன. கணினிக்கு முதலாவதில் கௌ என்பது இரண்டு எண், இரண்டாவதில் மூன்று எண். அதைப் பொறுத்தவரை அவை வேறு வேறு பெண்கள். இன்றும் எத்தனையோ பள்ளிப் பதிவேடுகளில் இப்படிக் காணாமல்போன கௌரிகளும் சௌந்தரிகளும் இருப்பார்கள். உங்கள் பள்ளிப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள் டீச்சர், தயவுசெய்து.

இதைவிடக் குழப்பமான காலம் ஒன்று இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென்று ஓர் எண் வரிசை வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் கணினியில் கிறுக்கலாக வரும். அந்தச் சிக்கலை அவிழ்த்ததில் நம் நாட்டுக்குப் பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1980-களிலேயே கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு மென்பொருளைச் செய்தார். பின்னர் கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் என்ற செயலி வந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நாம் இன்று யோசிக்காமல் தமிழில் செய்தி அனுப்புகிறோம் என்றால் அதற்குப் பின்னால் இத்தனை பேர் உழைப்பு இருக்கிறது. மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இனி படம். கேமரா பலகையைப் பார்த்ததும் அதற்குக் கிடைப்பது எழுத்து கிடையாது, சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0-க்கும் 255-க்கும் இடையில். நான்காயிரம் சதுரம் அகலம், மூவாயிரம் சதுரம் உயரம் உள்ள ஒரு சாதாரணக் கைப்பேசிப் படத்தில் 1 கோடியே 20 லட்சம் சதுரங்கள், 3 கோடியே 60 லட்சம் எண்கள். 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றியபோது அது 176-க்கு 176 சதுரம்தான். ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை ஒன்றே: முகமோ பூவோ பலகையோ, உள்ளே நுழைந்ததும் எண் அட்டவணை ஆகிவிடும்.

இந்த எண் குவியலில் எழுத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைக் கட்டம் போட்ட கணிதப் புத்தகத்திலேயே செய்து காட்டலாம். ஒன்பது கட்டம் அகலத்தில் ‘ட’ எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம் நெட்டாக ஒரு கோடு, அடியில் படுக்கையாக ஒரு கோடு. பக்கத்தில் ‘ப’. அதற்கு வலது பக்கமும் ஒரு நெட்டுக் கோடு உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். கறுப்புக் கட்டத்துக்கு 1, வெள்ளைக்கு 0. ட-வின் நடு வரிசை இப்படி வரும்: 0 0 1 0 0 0 0 0 0. ப-வின் நடு வரிசை: 0 0 1 0 0 0 1 0 0.

இப்போது மூன்று கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு தாளில் ஜன்னல் வெட்டி, அந்த வரிசையின்மேல் இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வலது எண்ணிலிருந்து இடது எண்ணைக் கழித்து எழுத வேண்டும். ட-வுக்கு 1, 0, −1, 0, 0, 0, 0 என்று வரும். ப-வுக்கு 1, 0, −1, 0, 1, 0, −1. வெறும் வெள்ளை இடத்தில் சுழியம். கோட்டின் ஒரு கரையில் கூட்டல் ஒன்று, மறு கரையில் கழித்தல் ஒன்று. ட-வில் ஒரு ஜோடி, ப-வில் இரண்டு ஜோடி. எழுத்துத் தெரியாத ஒரு பிள்ளைகூடக் கழித்தல் கணக்குப் போட்டு ட-வையும் ப-வையும் பிரித்துவிடும். கைப்பேசிக்குள் நடப்பதும் இந்த ஜன்னல் நகர்த்தல்தான், நெட்டுக் கோட்டுக்கு ஒன்று, படுக்கைக் கோட்டுக்கு ஒன்று, வளைவுக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கான ஜன்னல்கள்.

முதல் அடுக்கில் கோடுகள் கிடைக்கின்றன. அடுத்த அடுக்கு கோடுகளைச் சேர்த்து மூலை, சுழி, கொம்பு என்று பார்க்கும். அதற்கடுத்தது அவற்றைச் சேர்த்து எழுத்து என்று பார்க்கும். இந்த அடுக்கு யோசனைக்கு விதை உயிரியலிலிருந்து வந்தது. பூனையின் மூளையில் சில செல்கள் குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டும் துடிப்பதை ஹியூபலும் வீசலும் 1959-இல் எழுதினார்கள். பின்னர் நோபல் பரிசு பெற்றார்கள். ஜப்பானில் ஃபுகுஷிமா 1980-இல் அதை ஒரு கணினி அமைப்பாக வடித்தார். 1989-இல் யான் லெகுன் குழுவினர் கடித உறைகளில் கையால் எழுதிய அஞ்சல் எண்களை இயந்திரத்தைப் படிக்க வைத்தார்கள்.

ஜன்னலுக்குள் இருக்கிற எண்களை யார் எழுதுவது? நம் வகுப்பு விளையாட்டில் ‘வலதிலிருந்து இடதைக் கழி’ என்று நாமே சொன்னோம். ஆரம்ப நாட்களில் பொறியாளர்களும் அப்படித்தான் கையால் எழுதினார்கள். நானும் எழுதியிருக்கிறேன், மாதக்கணக்கில். இப்போது இயந்திரமே எழுதிக்கொள்கிறது. முதலில் கண்டபடி எண்கள் இருக்கும். ஒரு படத்தைக் காட்டி ‘இது என்ன’ என்றால் தப்பாகச் சொல்லும். எவ்வளவு தப்பு என்பதை அளந்து, அந்தத் தப்புக்கு எந்த எண் எவ்வளவு காரணம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் மயிரிழை அளவு திருத்துவார்கள். அடுத்த படம், மறுபடி திருத்தம். கச்சேரிக்கு முன்னால் மிருதங்க வித்வான் கல்லால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, விரலால் ஒலி பார்த்து, சுற்றிச் சுற்றி மறுபடி தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுருதி சேர்ப்புத்தான் இது. என்ன, இங்கே தட்ட வேண்டிய இடங்கள் கோடிக்கணக்கில்.

இந்த வழி வெல்லும் என்று உலகம் ஒத்துக்கொண்டது 2012-இல். இமேஜ்நெட் போட்டியில் ஆயிரம் வகைப் பொருள்களை இயந்திரம் அடையாளம் காண வேண்டும். ஐந்து ஊகம் சொல்லலாம். கிரிஷெவ்ஸ்கி, சட்ஸ்கேவர், ஹின்டன் மூவரின் அமைப்பு 15.3 விழுக்காடு தவறு செய்தது. இரண்டாவதாக வந்தது 26.2 விழுக்காடு. அவர்கள் பயன்படுத்தியவை கணினி விளையாட்டுக்காகக் கடையில் விற்கும் இரண்டு வரைகலை அட்டைகள். அந்த வருடம் எங்கள் தொழிற்சாலையில் அந்தக் கட்டுரையைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு பேசியது நினைவிருக்கிறது. நாங்கள் கையால் எழுதியதெல்லாம் பழசாகிவிட்டது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பினாங்குக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி கிடையாது. 1972-இல் கணினிச் சில்லு செய்யும் இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை இங்கேதான் தொடங்கியது. அதற்குப்பின் எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. நம் அக்காமார்கள் பலர் நுண்ணோக்கியில் கண் வைத்துச் சில்லுகளைச் சோதித்த ஊர் இது. நான் வேலை பார்த்தது வேறொரு தொழிற்சாலை. அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் மாணவியின் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

சில்லின் கறுப்பு உறையில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுத்தோம். நல்ல சில்லுகளை உற்பத்தி லைனிலேயே படம் எடுத்தோம். கீறல் விழுந்தவை அரிதாகத்தான் கிடைக்கும் என்பதால் அவற்றைப் பல வாரம் டப்பாவில் சேர்த்து வைத்து, ஒரு ராத்திரி ஷிப்டில் சோதனை அறை விளக்கின்கீழ் மொத்தமாகப் படம் எடுத்தோம். பயிற்சி முடிந்தது. அந்தப் படங்களிலேயே கொஞ்சத்தை ஒதுக்கி வைத்துச் சோதித்தோம், ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லாருக்கும் மகிழ்ச்சி. சில நாள் கழித்து லைனில் விளக்கை மாற்றினார்கள். அன்று மதியத்திலிருந்து நல்ல சில்லெல்லாம் ரிஜெக்ட் தட்டில் விழ ஆரம்பித்தது. கேமராவைக் கழற்றினோம், மென்பொருளைப் பிரித்துப் பார்த்தோம். அந்த லைனில் இருந்த ஓர் அக்காதான் சொன்னார்: “தம்பி, பல்பு மாத்துனதுல இருந்துதான் இப்படி ஆவுது.” சோதனை அறை விளக்கு லேசான மஞ்சள். லைனில் புதிதாகப் போட்டதும் அதே மஞ்சள். இயந்திரம் கீறலைப் படிக்கவேயில்லை. மஞ்சள் படிந்த படம் என்றால் கீறல் என்று படித்திருந்தது. நாங்கள் கொடுத்த படங்களில் அந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்தன, அது சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டது. இரண்டு விளக்கிலும் இரண்டு வகையையும் மறுபடி படம் எடுத்துத்தான் சரி செய்தோம். அன்றிலிருந்து எந்த இயந்திரத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, அதற்கு என்ன காட்டினார்கள் என்பதுதான்.

பலகைக்குத் திரும்புவோம். கைப்பேசி முதலில் படத்தில் எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்து, கோணலை நிமிர்த்தி, வரியை வெட்டி எடுக்கிறது. பின்பு வரியின்மேல் இடமிருந்து வலமாகப் போகிறது. இதில் அழகான ஓர் இடம் இருக்கிறது. ‘தரப்படும்’ என்பதில் இரண்டாவது எழுத்து ர. பெயின்டர் கையால் எழுதிய பல பலகைகளில் ர-வுக்கு அடியில் கீற்று இருக்காது, துணைக்கால் மாதிரியே இருக்கும். அப்படியானால் அது ‘தரப்படும்’ என்பதா, ‘தாப்படும்’ என்பதா? வடிவத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. தமிழில் ‘தரப்படும்’ என்று பல லட்சம் முறை வந்திருக்கிறது, ‘தாப்படும்’ வரவேயில்லை என்ற அனுபவம்தான் தீர்மானிக்கிறது. ஆக, படிக்கிற வேலையிலேயே மொழி நுழைந்துவிட்டது. நாமும் அப்படித்தானே படிக்கிறோம்? மழையில் பாதி அழிந்த பலகையை நாம் படித்துவிடுவது கண்ணின் கூர்மையால் மட்டும் இல்லை.

எழுத்து கைக்கு வந்துவிட்டது. இப்போது மொழி. முதலில் சொற்களைத் துண்டாக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இடைவெளி விழுந்த இடத்தில் வெட்டினால் பெரும்பாலும் போதும். தமிழில் ‘பினாங்கிலிருந்து’ என்று ஒரே மூச்சில் ஒட்டிவிடுகிறோம். நம் கணக்கில் எட்டு எழுத்து. யூனிகோட் கணக்கில் 16 எண். சேமிக்கும்போது தமிழ் எண் ஒன்றுக்கு மூன்று பைட் (கணினி இடத்தை அளக்கும் சிறு அலகு) ஆகும் என்பதால் 48 பைட். ‘டாரி புலாவ் பினாங்’ என்று அதையே மலாயில் ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்துகளில், எழுதினால் இடைவெளியோடு 17 பைட்.

இயந்திரம் இலக்கணம் பார்த்து வெட்டுவதில்லை. எந்த எழுத்துகள் அடிக்கடி ஒட்டி வருகின்றனவோ அவற்றைச் சேர்த்துச் சேர்த்து ஒரு துண்டாக்கும். இது 1994-இல் கோப்புகளைச் சுருக்குவதற்காகக் கண்டுபிடித்த ஓர் உத்தி, பின்னர் மொழிக்கு வந்தது. வீட்டிலிருந்து, கடையிலிருந்து, பினாங்கிலிருந்து மூன்றையும் எண்களாகப் பாருங்கள். மூன்றிலும் பொதுவான வால் இகரக் குறியிலிருந்து தொடங்குகிறது. முன்னால் மிஞ்சுவது வீட்ட, கடைய, பினாங்க. எந்தத் தமிழாசிரியரும் இப்படி ஓர் உயிர்க்குறியை மெய்யிலிருந்து பிய்த்துப் பதம் பிரிக்க மாட்டார். இயந்திரத்துக்கு அதில் கூச்சமில்லை. தமிழ் குறைவாகப் படித்த இயந்திரமாக இருந்தால் இந்த வால்கூடச் சேராது, ஒரு சொல் பத்துத் துண்டாகச் சிதறும். ஆங்கிலத்தில் ஒரு துண்டில் முடிவதற்கு நமக்குப் பத்துத் துண்டு. வேலை மெதுவாகும், செலவு கூடும், பிழையும் கூடும். தமிழ் தாழ்ந்த மொழி என்பதால் வருவது கிடையாது இது. துண்டாக்கும் பட்டியலைத் தயாரித்தபோது தமிழ் கொஞ்சமாகத்தான் கையில் இருந்தது.

அடுத்து பொருள். இதற்கு வரைபடத்தைப் பயன்படுத்திச் சொல்லுங்கள். ஜார்ஜ்டவுன் என்றால் 5.4, 100.3. பட்டர்வொர்த் 5.4, 100.4. கோலாலம்பூர் 3.1, 101.7. இரண்டே எண்கள், ஆனால் எது எதற்குப் பக்கம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. சொற்களுக்கும் இப்படி முகவரி கொடுக்கிறார்கள், இரண்டு எண்களில் அடங்காது என்பதால் நூற்றுக்கணக்கான எண்களில். 2013-இல் கூகுளில் மிகோலோவ் குழுவினர் இதை வேகமாகச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். ஒரு சொல்லின் அக்கம்பக்கத்தில் எந்தச் சொற்கள் வருகின்றன என்று பார்த்துப் பார்த்து முகவரியை நகர்த்துவதுதான் அது. இட்லியும் தோசையும் சட்னி, காலை, சாப்பிட்டேன் என்ற அதே கூட்டத்தில் புழங்குவதால் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்துவிடும். யாரும் ‘இவை உணவு’ என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

இதில் ஒரு கோளாறு இருந்தது, அது உங்கள் பூக்கடைப் பலகையில் நின்ற அதே கோளாறு. ஒரு சொல்லுக்கு ஒரே முகவரிதான். ‘மாலை’ பூ, நார், கழுத்து, சாமி என்ற தெருவிலும் புழங்குகிறது. காலை, இரவு, 6 மணி என்ற தெருவிலும் புழங்குகிறது. ஒரே வீடுதான் என்றால் அது இரண்டு தெருவுக்கும் நடுவில் எங்கோ நின்றுவிடும். படி, ஆறு, திங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி.

2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் எட்டுப் பேர் டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பை வெளியிட்டார்கள். இன்று நாம் பேசுகிற பெரும்பாலான மொழி இயந்திரங்களுக்கு அதுதான் முதுகெலும்பு. அதன் சாரம் இது: வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் மற்ற எல்லாச் சொற்களையும் பார்த்து, எனக்கு யார் எவ்வளவு முக்கியம் என்று எடை போடும். அந்த எடைக்கு ஏற்ப மற்றவர்களின் எண்களைத் தன்னோடு கலந்துகொள்ளும். ‘மாலை கட்டி முடிக்க மாலை ஆகிவிட்டது’ என்று எழுதுங்கள். முதல் மாலை பக்கத்தில் ‘கட்டி’யைப் பார்த்து அதற்கு அதிக எடை கொடுக்கும், அதன் எண்கள் பூக்காரத் தெருப் பக்கம் நகரும். இரண்டாவது மாலை ‘ஆகிவிட்டது’ என்பதைப் பார்த்துப் பொழுதுபோகிற பக்கம் நகரும். ஒரே எழுத்துகள், ஒரே தொடக்க முகவரி, ஆனால் சில அடுக்குகள் தாண்டியதும் இரண்டும் வேறு வேறு இடத்தில் நிற்கும். முதன்முதலில் இது எனக்குப் புரிந்த அன்று நெடுநேரம் அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த எடைகளும் அதே சுருதி சேர்ப்பால்தான் அமைகின்றன. இங்கே பரீட்சை எளிது: வாக்கியத்தை மறைத்து, அடுத்த துண்டு என்ன என்று கேட்பது. தப்பு என்றால் திருத்தம். மலை மலையான எழுத்துகளில் இதையே திரும்பத் திரும்பச் செய்தால், அடுத்ததைச் சரியாக ஊகிக்க இலக்கணம் வேண்டியிருக்கிறது, ஊர் விவரம் வேண்டியிருக்கிறது, கொஞ்சம் கணக்கும் வேண்டியிருக்கிறது. அதெல்லாம் எண்களில் படிந்துவிடுகிறது. மாணவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். ஊகிக்கக் கற்ற இயந்திரம், சரியான விடை கைவசம் இல்லாதபோதும் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை அதே நிதானத்தோடு எழுதிவிடக் கூடும். வீட்டுப்பாடத்தில் அது சொன்ன வருடத்தையும் பெயரையும் அப்படியே எடுத்து எழுதக்கூடாது, வேறிடத்தில் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

அப்படியானால் ‘கட்டி’ பக்கத்தில் இருந்தும் ஏன் தவறியது? பலகையில் மொத்தமே மூன்று சொற்கள், சகவாசம் போதவில்லை. இயந்திரம் படிக்கக் கிடைக்கும் தமிழ் எழுத்தில் செய்தி நிறைய. செய்தியில் மாலை என்றால் ‘மாலை 6 மணிக்கு’. பூமாலை கட்டுகிறவர்கள் கட்டுரை எழுதி இணையத்தில் போடுவதில்லை. சில மொழிபெயர்ப்பு முறைகள் தமிழிலிருந்து நேராக மலாய்க்குப் போகாமல் ஆங்கிலத்தின் வழியாகப் போகின்றன. அந்த நடுப்படியில் ஒருமுறை சாயங்காலம் என்று விழுந்துவிட்டால், மலாய்ப் பக்கம் அதைத் திருத்த வழியே இல்லை. என் தொழிற்சாலை விளக்கு மாதிரிதான் இதுவும்: காட்டியதில் எது எதோடு சேர்ந்து வந்ததோ அதுவே அதற்கு உலகம்.

நம் நாட்டுத் தமிழில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. ‘பத்துமலை’யில் உள்ள பத்து, கல் என்று பொருள்படும் மலாய்ச் சொல். தமிழ்நாட்டு எழுத்தை மட்டும் படித்த இயந்திரம் அதைப் பத்து மலைகள் என்று எண்ணினால் அதன்மேல் குற்றமில்லை. பினாங்கில் உள்ள ‘ஆயர் ஈத்தாம்’ என்ற ஊரின் பெயருக்கு மலாயில் கறுப்புத் தண்ணீர் என்று பொருள். தமிழில் ஆயர் என்றால் ஆடு மாடு மேய்ப்பவர், அல்லது கிறிஸ்தவ சபையின் பிஷப். ‘பாசார்’ (சந்தை), ‘கம்பம்’ (கிராமம்), ‘லோரோங்’ (சந்து) எல்லாம் நமக்குத் தாய்ப்பாலோடு வந்த சொற்கள், இயந்திரத்துக்கு அந்நியம். நாம் நம் தமிழை யூனிகோடில், சரியான எழுத்துக்கூட்டலில், பொதுவில் எழுதி வைக்காதவரை எந்த இயந்திரமும் அதைக் கற்காது. பள்ளி மலர்கள், கோயில் மலர்கள், தோட்டத்துப் பாட்டிகளின் கதைகள் எல்லாம் இன்னும் தாளிலும் பழைய எழுத்துருக்களிலும் அடைந்து கிடக்கின்றன. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

படத்தையும் சொல்லையும் ஒரே வரைபடத்தில் குடியேற்றும் முறையும் வந்துவிட்டது. 2021-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் 40 கோடி படங்களையும் அவற்றோடு வந்த வாசகங்களையும் ஜோடி ஜோடியாகக் காட்டிப் பயிற்சி கொடுத்தது. பூமாலைப் படமும் ‘பூமாலை’ என்ற வாசகமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட இயந்திரத்துக்குப் பலகையை மட்டும் வெட்டிக் காட்டாமல், தொங்குகிற மல்லிகைச் சரமும் கதம்ப மாலையும் சேர்ந்து தெரியும்படி காட்டினால், அந்தப் பூக்களே ‘மாலை’க்கு அக்கம்பக்கம் ஆகிவிடும். அடுத்த முறை கடைப்பக்கம் போகும்போது இரண்டு விதமாகவும் படம் எடுத்துச் சோதியுங்கள். பிறகு ‘பூமாலை கட்டித் தரப்படும்’ என்று ஒரு தாளில் எழுதி, அதையும் காட்டிப் பாருங்கள். ஒரே ஒரு சொல் சேர்ந்ததும் விடை எப்படி மாறுகிறது என்பதை மாணவியே கண்ணால் பார்க்கட்டும்.

வகுப்பில் செய்ய இன்னொன்றும் சொல்கிறேன், இதற்குக் கைப்பேசியே வேண்டாம். கிளாட் ஷானன் என்ற அறிஞர் 1951-இல் வெளியிட்ட சோதனை இது. ஒரு வாக்கியத்தை மறைத்துவிட்டு, அடுத்த எழுத்து என்னவாக இருக்கும் என்று மனிதர்களை ஊகிக்கச் சொல்லி, எத்தனையாவது முயற்சியில் சரியாக வந்தது என்று குறித்தார். நீங்கள் எழுத்துக்குப் பதில் சொல்லை வைத்துச் செய்யுங்கள். பலகையில் ‘தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு’ என்று மட்டும் எழுதி, அடுத்த சொல்லை ஒவ்வொருவரும் தாளில் எழுதி மடித்துத் தரட்டும். வகுப்பில் பெரும்பாலோர், இங்கே பினாங்கில் முருகன் கோயில் இருக்கிற ‘தண்ணீர்மலைக்கு’ என்று எழுதியிருப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளை யாராவது இருந்தால் அந்தத் தாளில் ‘பத்துமலைக்கு’ என்று இருக்கும். இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவைத்து, இரண்டு பேரும் ஏன் அப்படி எழுதினார்கள் என்று அந்த மாணவியையே சொல்லச் சொல்லுங்கள்.